பால் கணக்கும் ஒரு பிடிவாதக்காரரும்: எட்கர் காட்

டிபிஎம்எஸ் பேப்பரில் காடின் 12 விதிகளை எழுதாமல் தப்பிச்சவங்க யாராவது இருக்கீங்களா? நானும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். மார்க் வந்துச்சு, அதோட அந்த மனுஷனை மறந்துட்டேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணும்போதுதான் அவரைத் திரும்பவும் தேடிப் போக வேண்டி வந்தது.

எங்க ஊர் கரியமாணிக்கம். ஆயா ரெண்டு மாடு வெச்சிருக்காங்க, ரெண்டு வேளையும் பால் ஊத்துவாங்க. அதனால ப்ராஜெக்டுக்குப் பால் கணக்கு எழுதுற ஒரு ஆப் எடுத்துக்கிட்டோம். உறுப்பினர் டேபிள் ஒண்ணு, தினசரி பால் டேபிள் ஒண்ணு. பால் டேபிளில் இருக்கிற உறுப்பினர் எண்தான் ஃபாரின் கீ. லேப்டாப்பில் எல்லாம் நல்லா ஓடிச்சு. லேப்பில் இருந்த வேறொரு டேட்டாபேஸுக்கு மாத்தினதும் டேபிளே உருவாகலை. நான் எழுதின ‘ஆன் அப்டேட் காஸ்கேட்’ அதுக்குத் தெரியாதாம். சரின்னு லேப்டாப்புக்குத் திரும்பிப் பார்த்தா இன்னொரு அதிர்ச்சி. நான் டெஸ்டுக்காக அழிச்ச உறுப்பினரோட பால் கணக்கு அப்படியே அனாதையா கிடக்குது. ஃபாரின் கீ சோதனையை நான் ஆன் பண்ணவே இல்லை!

ஆயாகிட்ட இதைச் சொன்னேன். ஒருத்தர் பேரை அடிச்சுட்டா, அவங்க ஏற்கெனவே ஊத்தின பாலுக்குக் காசு யாருக்குப் போகும்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. எட்கர் ஃபிராங்க் காட் தன் வாழ்க்கையில் பாதியை இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் செலவழிச்சிருக்கார்.

காட் 1923 ஆகஸ்டில் இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா தோல் பொருள் தயாரிப்பவர், அம்மா பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படிச்சார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, மாணவர் என்பதால் ராணுவச் சேவையைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனா தானாகவே போய் விமானப்படையில் சேர்ந்து, கடலோரக் காவல் விமானங்களை ஓட்டினார்.

போர் முடிந்து, படிப்பும் முடிந்த பிறகு 1948-இல் நியூயார்க் போனார். கொஞ்ச நாள் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் விற்பனையாளர் வேலை பார்த்தார். பிளேஸ்மென்ட் கிடைக்கலையேன்னு கவலைப்படுற நண்பர்கள் இதைக் குறிச்சு வெச்சுக்கலாம். அடுத்த வருஷம் ஐபிஎம்மில் புரோகிராமரா சேர்ந்தார். 1953-இல் செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் அமெரிக்காவை விட்டு கனடாவுக்கே போயிட்டார். சில வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1965-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போ வயசு நாற்பதைத் தாண்டியிருந்தது.

பிறகு கலிஃபோர்னியாவில் சான் ஹோஸே நகரத்தில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். அந்தக் காலத்து டேட்டாபேஸ் ஒரு மரம் மாதிரி. மேலே ஒரு பதிவு, அதுக்குக் கீழே கிளை கிளையாப் பதிவுகள். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் அப்படித்தான் இருந்தது. நிலவுக்குப் போன அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்கை வைக்கத்தான் அதை உருவாக்கினாங்க. ஒரு தகவலை எடுக்கணும்னா, அது எந்தக் கிளையில் எப்படி மாட்டியிருக்குன்னு புரோகிராமருக்குத் தெரியணும். கிளையை மாத்தி வெச்சா எழுதின புரோகிராம் எல்லாம் உடையும்.

கணிதம் படிச்ச காடுக்கு இது பொறுக்கலை. 1969-இல் ஐபிஎம்முக்குள்ளே ஒரு அறிக்கை எழுதினார். 1970 ஜூனில் அதை விரிவாக்கி ஏசிஎம் இதழில் வெளியிட்டார். தகவலை எல்லாம் சாதாரண டேபிள்களா வைங்க, ஒரு டேபிளையும் இன்னொண்ணையும் அவற்றில் இருக்கும் மதிப்புகளே இணைக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். ஃபாரின் கீ என்ற சொல்லும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கு.

இதைக் கேட்டு ஐபிஎம் குதிக்கலை. ஐஎம்எஸ் நல்லா வித்துக்கிட்டு இருந்தது, சொந்தக் கடைக்கு எதிரே யாராவது போட்டிக்கடை போடுவாங்களா? காட் விடலை. 1974-இல் மிச்சிகனில் நடந்த மாநாட்டில், அப்போதைய டேட்டாபேஸ் உலகின் பெரிய ஆள், டூரிங் விருது வாங்கிய சார்லஸ் பாக்மேனோட மேடையில் நேருக்கு நேர் விவாதம் பண்ணினார். ஐபிஎம்மில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. அங்கே சேம்பர்லினும் பாய்ஸும் செய்த மொழிதான் இன்றைய எஸ்கியூஎல். காட் தானே வடிவமைத்த ஆல்ஃபா மொழியை அவங்க எடுத்துக்கலை. ஐபிஎம் யோசிச்சுக்கிட்டு இருந்தபோதே, அந்தக் கட்டுரைகளைப் படிச்ச ஒரு சின்னக் கம்பெனி 1979-இல் முந்திக்கொண்டு விற்பனைக்கு வந்தது. அதுதான் ஆரக்கிள். காடுக்கு 1981-இல் டூரிங் விருது கிடைச்சது.

விருது வாங்கியதோடு அவர் ஓயலை. எல்லாக் கம்பெனியும் தங்கள் பழைய பொருளுக்கே ரிலேஷனல்னு லேபிள் ஒட்ட ஆரம்பிச்சாங்க. 1984-இல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த காட், 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில் நாம மனப்பாடம் பண்ணின அந்த விதிகளை எழுதினார். அது தேர்வுக்காக எழுதினது இல்லை, போலியைக் கண்டுபிடிக்க எழுதினது! பத்தாவது விதி என்ன சொல்லுது? டேட்டா சரியா இருக்கணும் என்ற கட்டுப்பாடு டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கணும், ஒவ்வொரு புரோகிராமரின் கோடிலும் இல்லை. ஆயா கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு பதில் சொல்லக் கூடாது இல்லையா, அதுதான் விஷயம். ஐபிஎம்மின் டிபி2-வே 1988-இல்தான் ஃபாரின் கீ கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது.

2003 ஏப்ரல் 18 அன்று ஃப்ளோரிடாவில் காட் இறந்தார், வயசு 79. அவர் சண்டை மட்டும் முடியலை. காஸ்கேட், செட் நல், செட் டிஃபால்ட், நோ ஆக்‌ஷன் எல்லாம் 1992-ஆம் வருஷ எஸ்கியூஎல் தரத்திலேயே இருக்கு. போஸ்ட்கிரெஸ் அத்தனையும் ஏத்துக்குது. ஆரக்கிளில் டெலீட்டுக்கு காஸ்கேட் உண்டு, அப்டேட்டுக்குக் கிடையாது. எஸ்கியூஎல் சர்வரில் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லே இல்லை, நோ ஆக்‌ஷன்னு எழுதணும். மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் எஞ்சின் ஃபாரின் கீயைப் படிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாமல் தூக்கிப் போட்டுடும். எஸ்கியூஎல்லைட்டில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் நாமதான் சோதனையை ஆன் பண்ணணும்.

எரர் கொடுக்கிற டேட்டாபேஸ் நல்லது, அது நம்மை யோசிக்க வைக்குது. சும்மா இருந்துட்டு விட்டுவிடுறதுதான் ஆபத்து. அதனால எங்க டீம் மூணு முடிவு எடுத்தோம். ஒண்ணு, உறுப்பினர் எண் எப்பவும் மாறாது. பால் கார்டு எண் மாறினா அது வேறொரு காலத்தில் மாறட்டும். இதனால அப்டேட் காஸ்கேடே தேவைப்படலை. ரெண்டு, ஒரு டேட்டாபேஸ் ஆதரிக்காத ஆப்ஷனைக் கேட்டா நம்ம கோடு அந்த வரியை விட்டுட்டு ஓடக் கூடாது, அங்கேயே நின்னு சொல்லணும். மூணு, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் பால் கணக்கு உள்ள ஒரு உறுப்பினரை அழிக்கப் பார்த்து, என்ன நடக்குதுன்னு கண்ணால் பார்க்கணும்.

டெலீட் காஸ்கேடையும் எடுத்துட்டோம். அது ஆளோட சேர்த்து அவங்களுக்கு வர வேண்டிய காசையும் அழிச்சிடும். இப்போ பாக்கி இருக்கிற யார் பேரையும் எங்க ஆப் அடிக்க விடாது, விலகினவர்னு குறிக்க மட்டும் விடும். ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துட்டு, இது முதல்லயே தெரிய வேணாமான்னு கேட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.