நான்கு சேவல்களும் ஒரு பேராசிரியரும்

வீட்டுக் கோழி நொண்டினால் சீக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்காமல் உற்று நோக்கிய ஒரு பெரியாரின் வரலாற்றைக் காண்போம், தோழியரே! அவர் பெயர் யோசெப் மாரெக்.

1868ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், அன்று ஹங்கேரி நாட்டைச் சேர்ந்திருந்த ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று சுலோவாக்கியாவில் உள்ளது. புடாபெஸ்ட் நகரின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பேராசிரியரானார். ஹுட்டிரா என்னும் அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய கால்நடை நோய் நூல் பல மொழிகளில் வெளிவந்தது.

1907இல் கால்களும் இறக்கைகளும் செயலிழந்த நான்கு சேவல்களை அவர் ஆராய்ந்தார். அவற்றின் நரம்புகள் தடித்து, உள்ளே அணுக்கள் திரண்டிருந்தன. அதனை நரம்பழற்சி என்று கருதி, கண்டதைக் கண்டவாறே எழுதி வெளியிட்டார். 1920களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்நோயுற்ற கோழிகள் சிலவற்றின் உள்ளுறுப்புகளில் கட்டிகளையும் கண்டனர். ஆயினும் நோயின் காரணம் விளங்கவில்லை. 1952இல் மாரெக் மறைந்தார்.

1967இல் இங்கிலாந்தில் சர்ச்சில், பிக்ஸ் என்னும் இருவர் இந்நோய்க்கு ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸே காரணம் எனக் கண்டனர். இறகுத் தூசியின் வழியே பரவும் அந்த வைரஸ், இரத்த வெள்ளையணுக்களுள் ஒளிந்திருந்து அவற்றைப் புற்றணுக்களாக மாற்றுகிறது. 1970ஆம் ஆண்டளவில், வான்கோழியிடமிருந்து எடுத்த தீங்கற்ற வைரஸைக் கொண்டு தடுப்பூசி உருவாயிற்று. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசிகளுள் இதுவும் ஒன்று! தடுப்பூசி பெற்ற கோழியையும் வைரஸ் தொற்றலாம்; ஆனால் கட்டி பெரும்பாலும் தோன்றுவதில்லை.

இதனால் மனிதருக்கு என்ன பயன்? ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் பர்க்கிட் கட்டியில் 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸும் ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. மனிதர்மீது நோயை ஏவிச் சோதிக்க இயலாது. கோழிக்கோ இந்நோய் இயற்கையாகவே, சில வாரங்களில் வருகிறது. ஆகவே வைரஸ் எவ்வாறு புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை அறிய, மாரெக் நோய் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக விளங்குகிறது.

தாம் எழுதிய சில பக்கங்கள் இவ்வளவு தூரம் செல்லும் என்று மாரெக் அறிந்திருக்கமாட்டார். செய்முறைக் குறிப்பேட்டைத் தோழியைப் பார்த்து எழுதிவிடலாம் என்று என் மனம் சோம்பும்போதெல்லாம், அந்த நான்கு சேவல்களை நினைத்துக்கொள்கிறேன். நாமும் கண்ணால் கண்டதை உண்மையாய் எழுதப் பழகுவோமாக!