ஸீபவைஹி (ரஹ்): அரபு ஒலிகளுக்கு முகவரி எழுதிய பாரசீகர்

நம் வீட்டுப் பெரியவர்கள் ரமளான், ஒளு, பர்ளு, களா என்கிறார்கள். வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் உருது பேசும் குடும்பங்களில் அவையே ரம்ஜான், வுஜூ, பர்ஜ், கஜா என்று ஒலிக்கின்றன. நான்கு சொற்களிலும் அரபியில் இருப்பது ளாத் என்ற ஒரே எழுத்து. அதன் பழைய ஓசை எது என்று ஆய்வாளர்கள் தேடும்போது முதலில் திறப்பது இமாம் ஸீபவைஹியின் நூலைத்தான்.

அம்ர் இப்னு உஸ்மான் என்பது இவருடைய இயற்பெயர். பாரசீகத்தில் ஷீராஸ் அருகேயுள்ள பைளா என்ற ஊரில் பிறந்தவர். அரபி இவருக்குத் தாய்மொழி அல்ல. ஹதீஸ் கற்க பஸராவுக்கு வந்த இவர், ஒரு ஹதீஸை வாசிக்கையில் இலக்கணப் பிழை செய்ய, ஆசிரியர் ஹம்மாத் இப்னு ஸலமா திருத்தினார் என்றும், அந்த வெட்கமே இவரை இலக்கணத்தின் பக்கம் திருப்பியது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறகு கலீல் இப்னு அஹ்மதிடம் மாணவராகச் சேர்ந்தார். தொண்டையில் தொடங்கி உதடுவரை ஒலிகள் பிறக்கும் வரிசையில் அரபு அகராதியை அமைத்த மேதை அவர்.

ஸீபவைஹி எழுதிய பெருநூலுக்குத் தலைப்பே இல்லை. அல்கிதாப் என்றாலே அதுதான். அதன் இறுதிப் பகுதியில் 29 எழுத்துகளையும் அவை பிறக்கும் 16 இடங்களையும் விவரிக்கிறார். நம் தொல்காப்பியத்தின் பிறப்பியல் செய்யும் அதே வேலை. மத்ரஸாவில் பிள்ளைகள் படிக்கும் மக்ரஜ் பாடத்திலும் இவருடைய விளக்கங்கள் கலந்திருக்கின்றன.

ளாத் எழுத்து நாக்கின் ஓரமும் அதையொட்டிய கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் பிறக்கிறது என்கிறார் இவர். காற்று பக்கவாட்டில் வெளியேறும் லகரச் சாயல் கொண்ட ஓசை அது. இன்று பல அரபு நாடுகளில் அது கனத்த தகரம்போல மாறிவிட்டது. ஆனால் ஓமன், ஏமன் பகுதிகளில் பேசப்படும் மெஹ்ரி மொழியில் இத்தகைய பக்கவாட்டு ஒலிகள் இன்றும் உண்டு. காளி என்ற சொல் ஸ்பானிய மொழியில் அல்கால்டே ஆனது. பர்ளு ஜாவாவில் பெர்லு ஆனது. நம் தமிழ்ச் சொற்களின் ளகரமும் இதே வரிசையில் நிற்கிறது. இத்தகைய தடயங்களை ஸீபவைஹியின் விளக்கத்தோடு ஒப்பிட்டே மொழியியலாளர்கள் பழைய ஓசையை மீட்டெடுக்கிறார்கள்.

பக்தாத் சென்ற ஸீபவைஹி, அறிஞர் கிஸாயீயுடன் நடந்த புகழ்பெற்ற இலக்கண விவாதத்தில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். மனமுடைந்து பாரசீகம் திரும்பி, ஹிஜ்ரி 180 (கி.பி. 796) வாக்கில் இளம் வயதிலேயே இறந்தார். ஷீராஸில் அடக்கமானார். அவருடைய நூலைக் காப்பாற்றிப் பரப்பியவர் மாணவர் அக்ஃபஷ்.

குர்ஆனை ஓதும் முறையை உஸ்தாதிடமே கற்க வேண்டும். ஆனால் பேச்சில் ரமளான், ஒளு என்று சொல்லும் பாட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். கடல் வழியே வந்த ஒரு பழைய ஓசையின் சுவடு அவர் நாவில் இருக்கிறது.