நஷ்டக் கடையை வாங்கிய நூலகர்!

திருமுடிவாக்கம், தாம்பரம் பக்கத்தில் இருந்து சென்னை அண்ணா சாலைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு பெரிய வெள்ளைக் கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். அதுதான் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை.

அதை உண்டாக்கியவர் ஏபெல் ஜோஷ்வா ஹிக்கின்பாதம் என்ற வெள்ளைக்காரர். ஆரம்பத்தில் அவர் முதலாளி அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்!

சென்னையில் வெஸ்லியன் பாதிரிமார் ஒரு புத்தகக் கடை நடத்தி வந்தார்கள். அங்கே ஏபெல் நூலகராக இருந்தார். கடையில் நஷ்டம் வந்தது. பாதிரிமார் கடையை விற்றுவிட முடிவு செய்தார்கள்.

கடை கைமாறினால் வேலை நிலைக்குமா? வேறு ஒருவராக இருந்தால் வேறு வேலை தேடியிருப்பார். ஏபெல் என்ன செய்தார்?

அந்த நஷ்டக் கடையையே விலைக்கு வாங்கினார்! அது 1844-ம் ஆண்டு.

அவருக்குப் புத்தகங்கள் தெரியும். அந்த அறிவுதான் அவருடைய பெரிய முதல்.

கடை வளர்ந்தது. 1859-ல் சென்னை கவர்னராக வந்த டிரெவல்யன், மெக்காலேக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கடையைப் புகழ்ந்தார். கிரேக்க ஞானிகளின் நூல்கள் முதல் விக்டர் ஹியூகோவின் கதைகள் வரை அங்கே கிடைத்தன.

புத்தகத்தோடு ஏபெல் நிற்கவில்லை. அச்சு வேலை, எழுது பொருள் விற்பனை என்று தொழிலைப் பெருக்கினார்.

1888, 1889-ம் ஆண்டுகளில் சென்னை நகர ஷெரீப் பதவி அவரைத் தேடி வந்தது. 1891-ல் காலமானார்.

இப்போதுள்ள கட்டிடம் 1904-ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் கடை நிலைத்தது. இந்தியாவில் இன்றும் நடக்கும் மிகப் பழைய புத்தகக் கடை அதுதான்.

விற்கும் சரக்கை அறிந்தவனைக் கடை கைவிடுவதில்லை!