முத்திரையைத் தொடாத முதலாளி

நம் குடியிருப்பின் பார்க்கிங்கில் ‘ஹோண்டா’ என்ற பெயர் தாங்கிய வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன்.

சோய்ச்சிரோ ஹோண்டா 1906-ல் ஜப்பானில் ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். பையனுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. 15 வயதில் டோக்கியோவில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான். பொறுத்திருந்து தொழில் கற்றார். 1928-ல் அதே பட்டறையின் கிளையைச் சொந்த ஊர்ப் பக்கம் தொடங்கினார்.

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கினார். செய்தவை தேறவில்லை. உலோகம் பற்றித் தனக்குப் போதிய அறிவில்லை என்று உணர்ந்து, முப்பது வயதில் தொழிற்கல்லூரியில் இளைஞர்களோடு உட்கார்ந்து படித்தார். ரிங்குகள் தேறின. ஆனால் போரில் ஒரு தொழிற்சாலை குண்டுக்கு இரையானது. இன்னொன்று 1945 நிலநடுக்கத்தில் இடிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றார்.

1946-ல் ராணுவம் விட்டுச்சென்ற சிறு இன்ஜின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். போருக்குப் பின் போக்குவரத்துக்குத் தவித்த மக்கள் வாங்கிக் குவித்தார்கள். 1948-ல் 34 ஊழியர்களோடு ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது.

வங்கியில் காலம் கழித்த எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1949-ல் டகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். இயந்திரம் ஹோண்டா பொறுப்பு. பணமும் விற்பனையும் ஃபுஜிசாவா பொறுப்பு. கம்பெனியின் முத்திரையைக்கூட அவரிடமே விட்டுவிட்டார் ஹோண்டா. 1954-ல் விற்பனை சரிந்து கம்பெனி தள்ளாடியபோது, ஃபுஜிசாவா வங்கியிடம் உள்ள நிலைமையை மறைக்காமல் சொல்லி உதவி பெற்றார். 1958-ல் வந்த சூப்பர் கப் வண்டி 2017-க்குள் 10 கோடி உருவாகிவிட்டது.

ஹோண்டாவிடம் குறையும் உண்டு. முன்கோபி, பட்டறையில் கையும் நீளும். கார் இன்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று 1960-களின் இறுதியில் பிடிவாதம் பிடித்தார். தண்ணீரே சரி என்றார்கள் இளம் பொறியாளர்கள். ஃபுஜிசாவா இடித்துரைத்த பிறகு விட்டுக்கொடுத்தார். அந்த இளைஞர்களின் உழைப்பில்தான் 1972-ல் புகை குறைந்த சிவிசிசி இன்ஜின் வந்தது.

தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. 1973-ல், 66 வயதில், ஃபுஜிசாவாவோடு சேர்ந்து பதவி விலகினார். நாற்காலி மகனுக்குப் போகவில்லை. 45 வயதுப் பொறியாளர் கவாஷிமாவுக்குப் போனது. பிறகு ஊர் ஊராகச் சென்று, தொழிலாளர்களின் கிரீஸ் படிந்த கைகளைப் பற்றி நன்றி சொன்னார். 1991-ல் மறைந்தார்.

கணக்கை இன்னொருவரிடம் நம்பிக் கொடுக்கவும், நேரம் வந்ததும் எழுந்துகொள்ளவும் பெரிய மனது வேண்டும். பத்து லட்சம் யென் மூலதனக் கம்பெனிக்கும் அது பொருந்தும். நம்மைப் போன்ற சிறிய சங்கத்துக்கும் பொருந்தும்.