எரிந்த ஏடுகளும் எரியாத சட்டமும்

தமது மரணச் செய்தியைத் தாமே பத்திரிகையில் படிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டுக்குக் கிடைத்தது. 1920 அக்டோபரில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் சொற்பொழிவை முடித்துக்கொண்டு வெளியே வந்தவரை ஒரு கும்பல் வளைத்துக்கொண்டது. அடித்தார்கள், மண்டையை உடைத்தார்கள், செத்தான் என்று எண்ணித் தெருவிலே போட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர் இறந்தார் என்றே ஏடுகள் சில அச்சிட்டன. பிழைத்தெழுந்த டாக்டர் அதைப் படித்தார்.

என்ன செய்தார் அவர்? கொலையா? கொள்ளையா? நாட்டைக் காட்டிக் கொடுத்தாரா? இல்லை. யூதக் குடும்பத்தில் பிறந்தார். அது ஒரு குற்றம். ஆணை நாடும் ஆணும் பெண்ணை நாடும் பெண்ணும் குற்றவாளிகள் அல்லர், இயற்கை ஈன்ற பலவகை மனிதரில் அவர்களும் ஒரு வகையினர் என்று மேடையேறிச் சொன்னார். அது அதைவிடப் பெரிய குற்றம்! இந்த இரண்டாவது குற்றத்தை அவர் சாகும்வரை விடாமல் செய்தார். அதனால்தான் அவருடைய வாழ்க்கையை நாம் இன்று எடுத்துப் பார்க்கிறோம்.

அவர் எதிர்த்து நின்ற சட்டம் எத்தகையது? ஐரோப்பாவின் பழைய சட்டங்கள் இத்தகையோரின் உயிரையே கேட்டன. இங்கிலாந்தில், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1533இல் தூக்குத் தண்டனை சட்டமாயிற்று. அந்தச் சட்டப்படி அங்கே கடைசியாக இருவர் தூக்கில் தொங்கியது 1835இல். சாவுத் தண்டனை நீங்கியது 1861இல். அதுவும் விடுதலை அல்ல. தூக்குக் கயிற்றுக்குப் பதில் சிறைக் கம்பி, அவ்வளவுதான். பிரான்சிலே புரட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. 1791இல் புதிய தண்டனைச் சட்டம் எழுதியவர்கள் இதைக் குற்றங்களின் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பவேரியா 1813இல் அவ்வழி சென்றது. பிரஷ்யா செல்லவில்லை. 1871இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மன் சாம்ராஜ்யம் எழுந்தபோது, பவேரியர் பெற்றிருந்த உரிமையும் பறிபோயிற்று. பிரஷ்யாவின் சட்டமே எல்லோருக்கும் சட்டமாயிற்று. 175ஆவது பிரிவு என்பது அதன் பெயர். ஆணோடு ஆண் கூடுவதையும், மனிதன் விலங்கோடு கூடுவதையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிறைத் தண்டனை விதித்தது அது.

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர், 1867இல் மியூனிக்கில் கூடிய சட்ட அறிஞர் மாநாட்டில் எழுந்து, இது அநீதி என்று சொல்லத் தொடங்கினார். கூச்சல் போட்டே அவரை இறக்கிவிட்டார்கள். சட்டம் கற்றவர்கள் போட்ட கூச்சல் அது! அவர் 1895இல் இத்தாலியில் காலமானார். அவருடைய நூல்களைத் தேடியெடுத்து மீண்டும் அச்சிட்டவர் ஹிர்ஷ்ஃபெல்டுதான்.

உல்ரிக்ஸ் பேச்சு முடியாமல் இறங்கிய அடுத்த ஆண்டு, 1868 மே 14ஆம் நாள், பால்டிக் கடலோரத்துக் கோல்பெர்க் நகரில் ஹிர்ஷ்ஃபெல்டு பிறந்தார். தந்தை மருத்துவர். மகன் முதலில் மொழிகளைப் படித்தார். பிறகு தந்தையின் வழிக்கே வந்து மருத்துவர் ஆனார். 1896இல் பெர்லினை அடுத்த ஷார்லொட்டன்பர்கில் தொழில் நடத்தலானார். கை நிறையச் சம்பாதித்து, கௌரவமாகக் காலம் தள்ளியிருக்கலாம். அப்படி இருக்கவிடாமல் செய்தவை இரண்டு நிகழ்ச்சிகள்.

ஒன்று, அவரிடம் சிகிச்சைக்கு வந்த இளம் ராணுவ அதிகாரி ஒருவரின் தற்கொலை. ஆணையே நாடும் மனம் அவருக்கு. வீட்டாரோ திருமண ஏற்பாடு செய்துவிட்டார்கள். திருமணத்துக்கு முதல் நாள் இரவு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தம் போன்றோரின் துயரத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லுமாறு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். மற்றொன்று, 1895இல் லண்டனில் நடந்த ஆஸ்கார் வைல்டு வழக்கு. ஆங்கில நாடக உலகமே போற்றிய எழுத்தாளருக்கு, 1885இல் புதிதாகச் சேர்த்த ஒரு பிரிவின்கீழ், கடுங்காவலுடன் 2 ஆண்டுச் சிறை. புகழின் உச்சியில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவர்களின் கதி என்ன?

1897 மே 15இல், தம் வீட்டில் நண்பர் மூவருடன் கூடி ஒரு குழுவை அமைத்தார் டாக்டர். அறிவியல் மனிதநேயக் குழு என்று அதற்குப் பெயர். அறிவின் வழியே நீதி என்பது அதன் கொள்கை. முதல் வேலை, 175ஆவது பிரிவை நீக்கக் கோரி பாராளுமன்றத்துக்கு ஒரு மகஜர். அந்த மகஜரைக் கையில் எடுத்து 1898 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பேசியவர், சமதர்மக் கட்சியின் தலைவர் ஆகஸ்ட் பெபல். போலீசார் இந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தினால், பெர்லின் ஆசாமிகளை அடைக்கவே புதுச் சிறைகள் கட்டவேண்டிவரும் என்று அவர் எடுத்துக்காட்டினார். மற்றக் கட்சியினர் கூச்சலிட்டார்கள். மகஜர் தோற்றது. டாக்டர் ஓயவில்லை. கையொப்பம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஐன்ஸ்டீன் கையொப்பமிட்டார், தாமஸ் மான் கையொப்பமிட்டார், ஹெர்மன் ஹெஸ்ஸே கையொப்பமிட்டார்.

இந்தச் சட்டம் நடைமுறையில் என்ன செய்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். சட்டத்தால் சிறை புகுந்தோர் ஒரு பங்கு. அதைக் காட்டி மிரட்டப்பட்டோர் பல பங்கு. ஒருவனுடைய ரகசியம் அறிந்த கயவன், பணம் கொடு, இல்லையேல் போலீசுக்குப் போவேன் என்பான். கொடுத்தால் மறு மாதமும் வருவான். கொடுக்காவிட்டால் வேலை போகும், மானம் போகும், சிறை வரும். போலீசிடம் முறையிடலாமா? முறையிட்டால் இவனே குற்றவாளி! திருடனுக்குத் துணை நின்று, பறிகொடுத்தவனைக் கூண்டில் ஏற்றிய சட்டம் இது. 1919இல் டாக்டர் துணை நின்று உருவாக்கிய ஒரு திரைப்படம் இதைத்தான் காட்டியது. பிடில் வித்வான் ஒருவர் மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் சிக்கிச் சீரழிந்து மாளும் கதை. டாக்டரும் அதில் ஒரு டாக்டராகவே தோன்றினார். மறு ஆண்டே பொதுமக்கள் பார்க்கக்கூடாது என்று தடை போட்டார்கள்.

அறிவியலாளராக அவர் சொன்னது என்ன? முழுக்க முழுக்க ஆண், முழுக்க முழுக்கப் பெண் என்று இரண்டே கூறாக மனிதரைப் பிரிக்க முடியாது; நடுவிலே எண்ணற்ற படிகள் உண்டு என்றார். ஊகமாகச் சொன்னால் போதாது என்று கணக்கெடுக்கவும் முற்பட்டார். ஷார்லொட்டன்பர்கின் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரிடம் வினாத்தாள் அனுப்பினார். மாணவர் சிலர் வழக்குப் போட்டனர். 1904இல் நீதிமன்றம் 200 மார்க் அபராதம் விதித்தது. கேள்வி கேட்டதற்கு அபராதம்! ஆனால் 1914இல் ஆயிரம் பக்கம் தாண்டிய பெருநூலாக அவர் ஆராய்ச்சி வெளிவந்தது.

அவரிடம் பிழையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1907இல், கெய்சரின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்த தளபதி மோல்ட்கே தொடுத்த அவதூறு வழக்கில் நிபுணர் சாட்சியாக நின்று, அந்தத் தளபதி ஆணை நாடும் இயல்பினர் என்று சொன்னார். மறு விசாரணையில் அதைத் திரும்பப் பெற்றார். பிறர் ரகசியத்தைக் காக்கப் புறப்பட்டவர், ஒருவரின் ரகசியத்தை நீதிமன்றத்தில் பேசியது பலருக்குக் கசந்தது. ஆதரவாளர் பலர் நழுவினர். சர்க்காரோ 1909இல், பெண்களையும் இந்தச் சட்டத்துக்குள் இழுக்க வரைவு எழுதியது. பெண்ணுரிமை இயக்கத்தினரோடு கைகோத்து டாக்டர் அதை எதிர்த்தார். அந்த வரைவு சட்டமாகவில்லை. மனித இனத்தைச் செப்பனிடுவதாகக் கூறிய அக்கால இனவிருத்திக் கொள்கைக்கும் அவர் செவிசாய்த்ததுண்டு. அந்தக் கொள்கையைக் கொலைக் கருவியாக்கியவர்கள் பின்னர் வந்தார்கள். அவர்கள் அழித்ததில் இவருடைய உழைப்பும் ஒன்று.

அந்த உழைப்பின் கோயில், 1919 ஜூலை 6இல் பெர்லினில் அவர் திறந்த பாலியல் ஆராய்ச்சி நிலையம். ஏழைகளுக்கு இலவச ஆலோசனை, கருத்தடை விளக்கம், மேகநோய்க்கு மருத்துவம், பெரும் நூலகம். பெண்ணாக வாழ விரும்பிய ஆணுக்கும், ஆணாக வாழ விரும்பிய பெண்ணுக்கும் அங்கே புகலிடம். பல நாட்டு அறிஞர்கள் வந்து பார்த்தார்கள். 1929 அக்டோபர் 16இல், பாராளுமன்றத்தின் தண்டனைச் சட்டக் குழு, 15க்கு 13 என்ற கணக்கில், 175ஆவது பிரிவை நீக்க வாக்களித்தது. வேறு சில தடைகளை அந்த வரைவு புதிதாகப் போட்டதுண்டு. என்றாலும் முப்பதாண்டு உழைப்பு கரையேறும் நேரம். ஏறவில்லை. பொருளாதாரம் சரிந்தது, 1930 செப்டம்பர்த் தேர்தலில் நாஜிகள் 107 இடங்களைப் பிடித்தனர். வரைவு கிடப்பிலே போயிற்று.

அந்த ஆண்டு இறுதியில் சொற்பொழிவாற்ற அமெரிக்கா சென்றார் டாக்டர். அங்கிருந்து ஜப்பான், சீனம், 1931இல் இந்தியா. அந்நிய ஆட்சி நீங்கவேண்டும் என்ற இந்தியரின் கோரிக்கையை ஆதரித்தார். உலகைச் சுற்றி 1932இல் ஐரோப்பா திரும்பினார், ஜெர்மனி திரும்பவில்லை. திரும்பினால் உயிர் தங்காது என்று நண்பர்கள் தடுத்தார்கள்.

1933 மே 6. பேண்டு வாத்தியம் முழங்க நாஜி மாணவர்கள் நிலையத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். மே 10 இரவு, பெர்லின் ஆப்பெரா சதுக்கத்தில் மூட்டிய தீயில், மற்ற அறிஞர்களின் நூல்களோடு, அங்கிருந்து வாரிய ஆயிரக்கணக்கான நூல்களும் எரிந்தன. டாக்டரின் மார்பளவுச் சிலையைக் கழியில் ஏந்தி வந்து அதையும் தீயில் எறிந்தார்கள். பாரிஸ் நகரில் ஒரு சினிமாக் கொட்டகையில், செய்திப் படத்தில், தம் வாழ்நாள் உழைப்பு எரிவதை அவர் பார்த்தார். முன்பு தமது மரணத்தைப் படித்தவர், இப்போது தமது தகனத்தைப் பார்த்தார்! 1935 மே 14, தமது 67ஆவது பிறந்தநாளில், பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார். அவரும் ஆணை நாடும் இயல்பினரே. அதை மேடையில் அறிவித்ததில்லை. அறிவித்திருந்தால், தன் வழக்குக்குத் தானே சாட்சியா என்று கேட்டிருப்பார்கள். அவரோடு வாழ்ந்து, நிலையத்தில் உழைத்த கார்ல் கீஸே, 1938இல் பிர்னோ நகரில் தற்கொலை செய்துகொண்டார்.

டாக்டர் இறந்த மறு மாதமே நாஜிகள் 175ஆவது பிரிவைக் கடுமையாக்கினார்கள். ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வதை முகாம்களில் இளஞ்சிவப்பு முக்கோணம் சுமந்தனர்.

இதுவரை கேட்டவர்கள், ஹிட்லர் ஒழிந்ததும் இந்தக் கொடுமையும் ஒழிந்திருக்கும் என்று எண்ணுவார்கள். அங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். 1945இல் ஹிட்லர் ஒழிந்தான். அவன் கட்சி ஒழிந்தது. அவன் கடுமையாக்கிய 175ஆவது பிரிவு ஒழியவில்லை! ஜனநாயகம் பேசிய மேற்கு ஜெர்மனி, அந்த வாசகத்தை எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டது. முகாமிலிருந்து மீண்டவர் மீண்டும் கைதாக முடிந்தது. அதன் உச்ச நீதிமன்றமான அரசியல் சட்ட மன்றம், இந்தப் பிரிவு செல்லும் என்று 1957இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நாள் மே 10. ஏடுகள் எரிந்த அதே மே 10! 1969 வரை மேற்கு ஜெர்மனியில் மேலும் 50,000 பேர் அளவில் தண்டனை பெற்றனர். கிழக்கு ஜெர்மனி 1968இல் அந்தப் பிரிவை நீக்கியது. மேற்கே 1969இல் தளர்ந்தது; ஒன்றுபட்ட ஜெர்மனியில் 1994இல்தான் முற்றாக மறைந்தது. நாஜிக் காலத் தண்டனைகள் 2002இலும், பிற்காலத் தண்டனைகள் 2017இலும் ரத்தாயின. தண்டனை ஒன்றுக்கு 3,000 யூரோ, சிறையிருந்த ஆண்டு ஒன்றுக்கு 1,500 யூரோ ஈட்டுத்தொகை. வாங்கிக்கொள்ளப் பலர் உயிரோடில்லை.

ஏடுகளை எரிக்க ஓர் இரவு போதுமாயிருந்தது. ஒரு சட்டப் பிரிவை அகற்ற 123 ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தும் 1967 வரை அசையவில்லை. டாக்டர் வந்து போன நம் நாட்டில், ஆங்கிலேயர் 1860இல் எழுதி வைத்த 377ஆவது பிரிவு, அவர்கள் 1947இல் கப்பலேறிய பின்னும் 71 ஆண்டுகள் இருந்தது. வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல்.

கொடுங்கோலன் வீழ்ந்த அன்று கொடியேற்றிக் கொண்டாடுகிறோம்; கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் மறுநாள் காலையில், அவன் விட்டுப்போன சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்ப்பவர் சிலராவது வேண்டும். நாற்பதாண்டு அந்த வேலையைச் செய்தவர் டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்டு. அவர் கையொப்பம் திரட்டிய மகஜர் வென்றதை அவர் காணவில்லை. வென்றது என்பதை நாம் காண்கிறோம்.