எலும்புக்கு ஒட்டுக் கட்டிய டாக்டர்: யார் இந்த ஃபிரெட் ஆல்பி?

பல் இம்ப்ளான்ட் வைக்கப் போனால், தாடை எலும்பு போதாது, கொஞ்சம் போன் கிராஃப்ட் வைக்கணும் என்று டாக்டர் சொல்வது உண்டு. சின்னக் குப்பியில் வரும் அந்த வெள்ளைத் துகள் பல நேரம் கால்சியம் பாஸ்பேட்தான். இதை எலும்புக்குள் வைத்துச் சோதித்த முன்னோடிகளில் ஒருவர் ஃபிரெட் ஆல்பி.

தோட்டத்தில் கற்ற பாடம்

1876-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஆல்னா என்ற சிற்றூரில் பிறந்தவர். மரத்துக்கு ஒட்டுக் கட்டும் வித்தையைச் சிறுவயதில் தாத்தாவிடம் கற்றார். ஹார்வர்டில் மருத்துவம் முடித்த பிறகும் அந்தப் பாடம் மறக்கவில்லை. ஒரு மரத்தின் கிளை இன்னொரு மரத்தில் பிடிக்கும்போது, எலும்பு மட்டும் ஏன் பிடிக்காது?

1911-ல் முதுகெலும்புக் காசநோயில் அதைச் செய்து காட்டினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. முதுகு கூன் விழுந்து, மாவுக்கட்டில் மாதக்கணக்கில் கிடப்பார்கள். ஆல்பி நோயாளியின் கணைக்கால் எலும்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்து முதுகில் பதித்தார். அது ஒட்டி, முதுகைத் தாங்கியது. எலும்பைத் துல்லியமாக அறுக்க, மின்சாரத்தில் ஓடும் இரட்டை ரம்பத்தையும் உருவாக்கினார். முதல் உலகப் போரில் குண்டடி பட்டு எலும்பு சிதறிய வீரர்களுக்கு இந்த வித்தை கைகொடுத்தது.

சிக்கல் எங்கே?

ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம் போட வேண்டியிருந்தது. முதுகு சரியாகும், ஆனால் காலும் வலிக்கும். எடுக்கக்கூடிய எலும்புக்கும் ஓர் அளவு உண்டு.

நம் எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. அதில் முக்கியமானது கால்சியம் பாஸ்பேட். அப்படியானால் அதையே வெளியிலிருந்து கொடுத்தால்? 1920-ல் ஆல்பியும் சக ஆய்வாளர் மாரிசனும் முயல்களின் எலும்பில் இடைவெளி உண்டாக்கி, அதில் டிரைகால்சியம் பாஸ்பேட்டைச் செலுத்தினார்கள். அது வைத்த எலும்புகள் சீக்கிரம் கூடின.

ஆனால் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1945-ல் ஆல்பி இறந்தபோது, எலும்பு ஒட்டு நிபுணர் என்றுதான் அவருக்குப் பெயர். அந்தத் தூள் ஓரமாகவே கிடந்தது.

அரை நூற்றாண்டு கழித்து...

1970-களில்தான் விஞ்ஞானிகள் இதைக் கையில் எடுத்தார்கள். தூளை அச்சில் அழுத்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சுட்டால் கெட்டியான செராமிக் கிடைக்கும். நம் ஊர்ச் செங்கல் சூளைக் கணக்குதான். துளைகள் விட்டுச் செய்தால், அதற்குள் ரத்தக் குழாயும் புது எலும்பும் புகுந்து வளரும். டிரைகால்சியம் பாஸ்பேட் மெல்லக் கரைந்து, அந்த இடத்தை உங்கள் எலும்புக்கே விட்டுக்கொடுக்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற வகை லேசில் கரையாது. அதனால் அதை இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட் உலோகத்தின் மேல் பூச்சாகப் பூசுகிறார்கள், எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ள.

குறையும் உண்டு. செராமிக் பீங்கான் மாதிரி, பாரம் விழுந்தால் உடையும். உயிருள்ள செல்களும் அதில் கிடையாது. அதனால் பெரிய இடைவெளிகளுக்கு, இன்றும் நோயாளியின் சொந்த எலும்பைத்தான் டாக்டர்கள் முதலில் நினைக்கிறார்கள். ஆல்பியின் முதல் யோசனையை அவருடைய இரண்டாவது யோசனை இன்னும் முழுசாக வெல்லவில்லை. ஆனால் சின்ன இடைவெளி என்றால், இன்னொரு காயம் இல்லாமலே பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது.