ஜான் கேட்: ஒரு சிட்டிகை உப்பின் கதை

லித்தியம்னு சொன்னதும் நமக்கு பேட்டரிதான் ஞாபகம் வரும். அதே லித்தியத்தின் உப்பை மனநோய்க்கு மருந்தாக்கியவர் டாக்டர் ஜான் கேட்.

1912-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் மூன்றரை வருஷம் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதி. விடுதலையாகி, மெல்போர்ன் பண்டூரா மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய ஆய்வகம் எது தெரியுமா? சும்மா கிடந்த ஒரு சாமான் அறை!

கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசி போட்டார், அவை அமைதியாகின. அடுத்து, தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் மனக்கிளர்ச்சியில் தவித்த 10 பேருக்குக் கொடுத்து, 1949-ல் முடிவை வெளியிட்டார். வருஷக்கணக்கில் வார்டிலேயே கிடந்த ஒருவர் பழைய வேலைக்கே திரும்பினார். ஆனால் அவரே 1950-ல் லித்தியம் உடம்பில் அதிகமாகி இறந்துபோனார்.

அளவுதான் எல்லாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை மருந்து, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ 1954-ல் முறையாகச் சோதித்து இதன் பலனைக் காட்டினார். 1970-ல் அமெரிக்கா அனுமதித்தது.

மூளைச் செல்லுக்குள் சேதி கடத்துகிற இனோசிட்டால் சுழற்சியின் ஒரு என்சைமையும், ஜிஎஸ்கே-3 என்ற என்சைமையும் லித்தியம் அடக்குகிறது. மிதமிஞ்சிய சேதிகள் தணிகின்றன.

கேட் 1980-ல் காலமானார்.

எங்க ஊர்ப்பக்கம் இதைப் பேய்னு சொல்லி இன்னும் தாயத்து கட்டுறாங்க. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஊருக்குப் போனால் சொல்வேன்: இது பேய் இல்ல, வியாதி. டாக்டர்கிட்ட போங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.